கிணற்றுக் கணக்கு யாருடையது?

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு கிராமம். ஊர்க் குளத்துக்குக் கீழே மூன்றரை ஏக்கர் நிலம். அதன் நடுவில் 55 அடி ஆழத்தில் ஒரு கல்கட்டுக் கிணறு. அந்தக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருக்கும். வெயிலும் மழையும் பட்டுப் பாதி அழிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், ‘இது என்ன நம்பர்?’ என்று கேட்டால், ‘அளக்க வர்ற சார் போட்டது’ என்பார் அப்பத்தா. எதற்காக என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

ஊரே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். எழுபது வயதைத் தாண்டியவர். 1970-களின் கடைசியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே, மாதம் ஒருமுறை ஒருவர் சைக்கிளில் வந்து கிணற்றை அளந்துவிட்டுப் போவார். டேப்பைக் கிணற்றுக்குள் விடுவார். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்ப்பார். நோட்டில் எழுதிக்கொள்வார். மோர் கொடுத்தால் குடிப்பார், கிளம்பிவிடுவார். பிறகு சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. ஆட்களும் மாறினார்கள். மோர் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒருமுறை மாமனார் கேட்டேவிட்டார். ‘ஏன் சார், இத்தனை வருசமா அளக்கறீங்க. எங்க கிணறு என்னதான் சொல்லுது?’

‘அதெல்லாம் மேல போயிடும் பெரியவரே. மெட்ராஸ்ல கணக்குப் போடுவாங்க.’

பேச்சு அத்தோடு முடிந்தது. கிணறு இங்கே இருந்தது. கணக்கு எங்கோ போனது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் கிணறு அடியோடு வற்றியது. அதன்பிறகு அளக்கவும் யாரும் வரவில்லை.

மூன்றாவது போர்

போன வருடம் மாசி மாதம். மகன் மூன்றாவது போர் போட முடிவு செய்திருந்தார். முதல் போர் 620 அடி. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது ஒரு மணி நேரம் ஓடினால் மூன்று மணி நேரம் நிறுத்த வேண்டும். இரண்டாவது போர் 840 அடி போனது. கடைசிவரை புழுதிதான் பறந்தது. அந்தக் கடனே இன்னும் முழுசாக அடையவில்லை. மூன்றாவதை 1,000 அடிக்குப் போடலாம் என்றார் வண்டிக்காரர். குழாய், மோட்டார், ஒயர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும். வீட்டில் மிச்சமிருந்தது மருமகளின் ஏழு பவுனும், பேத்தியின் கழுத்துச் சங்கிலியும்தான்.

நீரோட்டம் பார்ப்பவரும் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, மூன்று இடங்களைக் காட்டினார். அதில் ஓர் இடம், போன தடவை புழுதி பறந்த இடத்திலிருந்து இருபதடிகூட இருக்காது. மகன் எதுவும் சொல்லவில்லை. கன்றுக்குட்டி கட்டும் முளையை எடுத்து அங்கே அடையாளம் அடித்தார்.

திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கும் பேத்தி அன்றைக்கு வீட்டில் இருந்தாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். ‘அப்பத்தா, அளந்துட்டுப் போனாங்களே, அந்தக் கணக்கை யாரும் நமக்குக் காட்டினதே இல்லையா?’

‘கேட்டார் உங்க பாட்டனார். மேல போயிடும்னாங்க.’

‘மேல போனது இப்போ கீழ வந்திருக்கு அப்பத்தா. அரசாங்கமே கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு.’

அவள் சொன்னது உண்மைதான். மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளம் ஒன்று இருக்கிறது. ‘இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்.’ என்று பெயர். மழை, ஆறு, அணை, நிலத்தடி நீர் பற்றி மத்திய, மாநிலத் துறைகள் எடுத்த அளவுகள் அதில் இருக்கின்றன. நாட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு கண்காணிப்புக் கிணறும் ஒரு புள்ளி. அன்று சாயங்காலம் பேத்தி தன் போனிலேயே மாவட்டத்தைத் தேடி, வட்டாரத்தைத் தேடி, ஊர்ப் பெயரில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தாள். வரைபடத்தில் அது இரண்டு வயல் தள்ளி விழுந்திருந்தது. ஆனால் கிணற்றின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களும் சுவரில் மிச்சமிருந்த மூன்று இலக்கங்களும் ஒன்றாக இருந்தன.

எண்ணுக்குள் இருந்த குடும்பம்

பட்டியலைப் பார்த்ததும் அப்பத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. 2006 தை மாதத்துக்கு நேராக 3.4 என்று இருந்தது. 2011 தை மாதத்துக்கு நேராக 10.8. ‘அப்போ தண்ணி கூடியிருக்கே?’ என்றார்.

பேத்திதான் விளக்கினாள். அது தண்ணீரின் உயரம் இல்லை. தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்ற அளவு. எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் மேலே இருக்கிறது. எண் பெரிதானால் தண்ணீர் கீழே போய்விட்டது. 3.4 மீட்டர் என்றால் பதினோரு அடி. 10.8 மீட்டர் என்றால் முப்பத்தைந்து அடி.

இது பிடிபட்ட பிறகு, பட்டியலைப் படித்தது பேத்தி இல்லை, அப்பத்தாதான். அவள் வருடத்தைச் சொல்லச் சொல்ல, இவர் நடந்ததைச் சொன்னார். ‘2003-ஆ? அது மாடு ரெண்டையும் வித்த வருசம். கிணத்துக்குள்ள இறங்கி வாளியில மோந்தோம்.’ பட்டியலில் அந்த மாதங்கள் வெறுமையாக இருந்தன. ‘2005 கார்த்திகையா? மறுகால் பாஞ்சுது. உங்க அத்தை கல்யாணம் அந்தத் தையிலதான். கிணத்துல குனிஞ்சு தண்ணி எடுத்தோம்.’ அங்கேதான் 3.4 இருந்தது.

பேத்தி அப்போது ஒன்றைக் கவனித்தாள். 2005-லும் 2010-லும் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருக்கிறது. அந்தப் பக்கத்து மழைமானிக் கணக்கும் அதையே சொன்னது. ஆனால் 2005 மழைக்கு மேலே வந்த கிணறு, 2010 மழைக்கு வரவில்லை. மழை வந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை. நடுவில் என்ன நடந்தது?

‘குளம் நிறையலை’ என்றார் அப்பத்தா உடனே. ‘2005-க்கு அப்புறம் குளம் நிறைஞ்சதே இல்லை.’

அதையும் சரிபார்க்க வழி இருந்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஒரு காலத்தில் அதில் ஒரு படம் வாங்க 600 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களும் ஆராய்ச்சிக்காரர்களும்தான் வாங்குவார்கள், அவர்களும் எண்ணி எண்ணித்தான் வாங்குவார்கள். 2008-ல் அந்த அரசு விலையை எடுத்துவிட்டு, பழைய படங்களையும் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஓர் ஆண்டுக்குள் பத்து லட்சம் படங்கள் பதிவிறக்கம் ஆயின. படத்தை எடுத்த செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. பூட்டி வைத்திருந்ததால்தான் அது பயன்படாமல் கிடந்தது.

பேத்தி இறக்கிய படங்கள் தெளிவாக இல்லை. அந்த வரிசையில் ஏழாவது செயற்கைக்கோளில் 2003-ல் ஒரு கருவி பழுதானதால், அதற்குப் பிந்தைய படங்களில் கோடு கோடாக இடம் விடுபட்டிருக்கும். ஆனாலும் 2006 தொடக்கத்தில் ஊருக்கு மேற்கே கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தது. 2011 தொடக்கத்தில் அதே இடம் பழுப்பாகக் கிடந்தது. குளம் நிறையவில்லை. அப்பத்தாவின் ஞாபகமும் வானத்துப் படமும் ஒரே விஷயத்தைச் சொல்லின.

வாய்க்கால் எங்கே போனது?

குளத்துக்கு ஓடையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வரத்து வாய்க்கால் இருந்தது. அது இருந்த இடம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழக அரசின் நிலப் பதிவுகளுக்கான இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு புல எண்ணைக் கொடுத்தால் அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரியும். முன்பெல்லாம் இதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு நாலு தடவை நடக்க வேண்டும். பேத்தி ஒவ்வொரு புல எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். வாய்க்கால் புறம்போக்கு ஒரு கோடுபோல ஓடைப் பக்கமிருந்து குளத்தை நோக்கி வந்தது. ஒன்பது பேரின் நிலங்களை ஒட்டி வந்தது. கடைசி நிலம், குளத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருந்தது.

அது இவர்களுடைய நிலம். குளத்துக்குக் கீழே இருப்பது மூன்றரை ஏக்கர். மேலே இருக்கும் அரை ஏக்கர் மானாவாரித் துண்டை வீட்டில் யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதன் ஓரத்தில் இரண்டு வரிசை முருங்கை நின்றது. புலப்படத்தில் அந்த இரண்டு வரிசையும் வாய்க்காலின் மேல் நின்றன.

மகன் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். ‘இதை யாருக்கும் காட்டாதே பாப்பா’ என்றார்.

‘ஏம்ப்பா?’

‘மத்த எட்டுப் பேரும் சும்மா இருக்கறப்போ, நம்ம தப்பை நாமே போய்ச் சொல்லணுமா?’

அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. 2008-ல் அந்த வாய்க்காலை மூடியது அவருடைய வீட்டுக்காரர். இரண்டு வருடமாக அதில் தண்ணீர் வரவில்லை, மேலே இருப்பவர்கள் எல்லாம் மூடிவிட்டார்கள், இனி இது எதற்கு என்று கேட்டார். முருங்கைக்கு அப்போது நல்ல விலை இருந்தது. மண்வெட்டியால் வெட்டிப் போட்ட மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டியது அப்பத்தாதான்.

‘அந்த மண்ணை நான்தான் சுமந்தேன்’ என்றார் கடைசியில். ‘இத்தனை நாளா மழையைத் திட்டினேன். போர்க்காரனைத் திட்டினேன். ஒரு நாளும் இதை நினைக்கலை.’

முளை அடித்த இடத்துக்குப் போர் வண்டி வர வேண்டிய வெள்ளிக்கிழமை, மகன் வண்டிக்காரருக்குப் போன் செய்து ஒரு மாதம் தள்ளி வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளித்தான் வைத்தார்.

திண்ணையில் வந்த கேள்விகள்

அடுத்த பதினைந்து நாளில் அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் பலர். பேத்தி பட்டியலை ஒரு பெரிய தாளில் கோடாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் கீழே போனால் கோடும் கீழே போகும். வந்தவர்கள் கேட்ட கேள்விகள் எந்த ஊரிலும் கேட்கக்கூடியவைதான்.

‘இதைப் பார்க்கப் பணம் கட்டணுமா?’ வேண்டாம். 2012-ல் மத்திய அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. பொதுப்பணத்தில் திரட்டிய, ரகசியமோ தனிமனிதர் விவரமோ இல்லாத தகவலை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் அதற்காக ‘டேட்டா.ஜிஓவி.இன்’ என்ற தளமும் தொடங்கியது. 2017-ல் பயன்படுத்தும் உரிமமும் வந்தது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டு, யாரும் அந்தத் தகவலை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஆப் செய்யலாம், பத்திரிகையில் போடலாம், விற்கிற பொருளிலும் சேர்க்கலாம். அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

‘அப்போ எல்லாமே கிடைக்குமா?’ இல்லை. கொள்கை ஒன்று, நடப்பு ஒன்று. சில துறைகள் ஒழுங்காகப் போடுகின்றன. சிலவற்றில் ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கோடு நின்றுவிடுகிறது. சிலர் காகிதத்தைப் படம் பிடித்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். படமாக ஒட்டிய கணக்கைக் கண்ணால் பார்க்கலாம், கூட்டிக் கழிக்க முடியாது. திறப்பது என்றால் பட்டியலாக, கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி, தேதி வாரியாகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியாத கதைதான்.

‘இதை வச்சு நம்ம மோட்டாருக்கு மீட்டர் போட்டுடுவாங்களா?’ அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்டவர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் ஏற்கெனவே விவசாயியின் வாழ்க்கையைத் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கண்காணிப்புக் கிணறுகளின் அளவையும் மழையையும் பாசனத்தையும் வைத்துத்தான் ஒவ்வொரு பிர்காவும் பாதுகாப்பானது, ஓரளவு நெருக்கடியானது, நெருக்கடியானது, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்று பிரிக்கப்படுகிறது. 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. பாதுகாப்பானவை 427 மட்டும்தான். புதுக் கிணற்றுக்கு வங்கிக் கடன் தருவதா வேண்டாமா என்பதிலும் இந்தப் பிரிவு பார்க்கப்படுகிறது. ஆக, அரசுக்கும் வங்கிக்கும் தெரிந்த எண்தான் அது. தெரியாமல் இருந்தது கிணற்றுக்காரருக்கு மட்டும்.

‘தெரிஞ்சு என்ன பண்றது? தண்ணி ஊறிடுமா?’ என்று கேட்டவர் ஒரு பெரியவர். இதற்குப் பதில் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே வறட்சியான ஏழு மாவட்டங்களில் 638 குடியிருப்புகளின் விவசாயிகள், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் உதவியோடு நடந்த ஒரு திட்டத்தில் தங்கள் கிணறுகளைத் தாங்களே அளந்தார்கள். மழைமானியையும் தாங்களே பார்த்தார்கள். அளவை ஊருக்குப் பொதுவான சுவரில் எழுதினார்கள். ராபி பட்டத்துக்கு முன்பு எல்லோரும் உட்கார்ந்து, பூமிக்குள் இருப்பது இவ்வளவு, நினைத்திருக்கிற பயிருக்கு வேண்டியது இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். யாரையும் இதைப் பயிரிடு, அதை விடு என்று கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைப் பார்த்த பிறகு பலர் நெல்லைக் குறைத்து, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்குத் தாங்களாகவே மாறினார்கள்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார். மறுநாள் அவரே திரும்பி வந்து, ‘அந்த வாய்க்கால் என் நிலத்துல எத்தனை அடி அகலம்னு போட்டிருக்கு?’ என்று கேட்டார்.

முதலில் வெட்டியது முருங்கை

மே 1-ம் தேதி கிராம சபையில் அப்பத்தாதான் எழுந்து பேசினார். நீளமாகப் பேசவில்லை. ‘வாய்க்காலை நாங்களும் மூடியிருக்கோம். எங்க முருங்கையை நாங்க எடுத்துடறோம். மத்தவங்க யோசிங்க’ என்றார். தீர்மானம் எழுதினார்கள். தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். புலப்படமும் அ-பதிவேடும் கையில் இருந்ததால் சர்வேயர் வந்தபோது எந்த இடம் என்று சண்டை வரவில்லை. எவ்வளவு என்றுதான் சண்டை வந்தது.

இரண்டு வரிசை முருங்கை. காய்ப்பில் இருந்த மரங்கள். மகன் தன் கையால் வெட்டவில்லை, ஆள் வைத்து வெட்டினார். அன்று அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

ஒன்பது பேரில் ஆறு பேர் உடனே ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஆடி மாதம் வரை இழுத்தார்கள். ஒருவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இவர்களுக்குப் பங்காளி. அவர் நிலத்தை ஒட்டி வாய்க்காலுக்குப் பதிலாகக் குழாய் போட்டுத் தண்ணீரைக் கடத்தியிருக்கிறார்கள். அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் இவர்களோடு பேசுவதில்லை. குலதெய்வம் கோயிலில் இந்த வருடம் அவர் தனியாகப் பொங்கல் வைத்தார். கணக்குத் திறந்தால் எல்லாம் நல்லதாகவே முடியும் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையே பேத்தி இன்னொரு வேலையும் செய்தாள். தளத்தில் 1990-களுக்கு முந்தைய அளவுகள் இல்லை. 2017-க்குப் பிறகும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டாள். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாததைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது. பதில் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டியதும் பழைய பதிவேட்டின் நகல்கள் வந்தன. கையெழுத்தில் இருந்த அளவுகள். மாமனார் உயிரோடு இருந்த காலத்து அளவுகள். சில இடங்களில் மை ஊறியிருந்தது.

2017-க்குப் பிறகு ஏன் இல்லை என்பதற்கும் பதில் இருந்தது. கிணறு வற்றிவிட்டதால் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் பஞ்சாயத்து நிலத்தில் ஒரு குழாய்க் கிணறு இறக்கி அங்கே அளக்கிறார்களாம். அப்பத்தா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். ‘வத்துன கிணத்தை அளக்க மாட்டாங்களா? வத்துனதுதானே சேதி?’ என்றார்.

அவர் கேட்டது சின்ன விஷயம் இல்லை. வற்றுகிற கிணறுகள் பட்டியலிலிருந்து போய்க்கொண்டே இருந்தால், மிச்சமிருக்கும் கிணறுகளின் சராசரி உண்மையைவிட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரில் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது. கிணற்றின் பக்கத்தில் வாழ்கிறவருக்குத் தெரியும். அரசு தகவலைத் திறப்பதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான். தப்பு எங்கே என்று சொல்லக்கூடியவர்களின் கண்ணில் அந்தக் கணக்கு படுகிறது.

தை மாதத்து அளவு

ஐப்பசி, கார்த்திகையில் மழை பரவாயில்லை. பெரிய மழை இல்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு வாய்க்காலில் செம்மண் கலந்த தண்ணீர் வந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் அதன் கூடவே ஓடினார்கள். குளம் கால்வாசி நிறைந்தது. மறுகால் பாயவில்லை.

தை முதல் வாரத்தில் அப்பத்தா ஒரு நைலான் கயிறு எடுத்து, அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டிக் கிணற்றில் இறக்கினார். மகன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். தரையிலிருந்து 41 அடியில் ஈரம் தட்டியது. 55 அடிக் கிணற்றில் பதினான்கு அடித் தண்ணீர்.

இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று இன்னும் தெரியாது. ஒரு வருட அளவை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். இந்தப் பட்டத்தில் சின்ன வெங்காயம் முக்கால் ஏக்கர்தான், அதுவும் சொட்டுநீரில். மிச்சம் சோளம். மூன்றாவது போரை மகன் இன்னும் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ஆனால் ஏழு பவுன் வீட்டில்தான் இருக்கிறது. முளை அடித்த இடத்தில் இப்போது எருக்குழி இருக்கிறது.

அப்பத்தா மாதம் ஒருமுறை அளக்கிறார். கிணற்றுப் படிக்கு மேலே சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கிறார். தேதி, அடி, அந்த மாத மழை. பேத்தி விடுமுறைக்கு வரும்போது நோட்டில் ஏற்றிக்கொள்கிறாள். ஊரில் இன்னும் நாலு கிணறுகளில் இப்படி எழுதுகிறார்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஐந்து கிணற்றுக் கணக்கையும் சேர்த்து எழுதலாம் என்று பேச்சு இருக்கிறது. அளவு எழுதுகிற நாளில் யார் அந்தப் பக்கம் வந்தாலும் அப்பத்தா மோர் கொடுக்கிறார். அந்த மாதத்து அளவையும் படித்துக் காட்டித்தான் அனுப்புகிறார்.